பின்னால் நடக்கிறவரின் கோடு

சந்திரமோகன் அண்ணன் முன்னால் நடந்ததைவிடப் பின்னால் நடந்ததுதான் அதிகம். போர்ட் பிளேர் துறைமுகத்தில் பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தத்துக்கும் நடுவே ஓடும் வண்டிப் படகில் அவர் லஸ்கர், படகுத் தொழிலாளி. படகு ஜெட்டியைத் தொட்டதும் வண்டிகள் ஏறி இறங்கும் சரிவுப் பலகையான இரும்பு ராம்ப்பை இறக்குவார். லாரி அதில் வரும்போது அதன் முகத்துக்கு நேராக நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி, "ஆவோ, ஆவோ, ஸீதா ஆவோ", வா, நேராக வா என்று இந்தியில் கூப்பிட்டபடியே பின்பக்கமாகப் படகுக்குள் நடப்பார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். பதினாலு வருஷப் பழக்கத்தில் காலே வழி தெரிந்து வைத்திருந்தது. லாரி நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் கையைக் கீழே இறக்குவார்.

நான் கணக்கு டீச்சர். பெயர் வைஜெயந்தி. வீடு பாம்பூஃப்ளாட்டில், பள்ளிக்கூடம் அக்கரையில், போர்ட் பிளேரில். காலையில் ஒரு படகு, சாயங்காலம் ஒரு படகு. எனக்குப் பொறுமை கம்மி என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவருக்குக்கூடத் தெரியும். 'நல்ல டீச்சர், ஆனால் வாய்' என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். வாயைப் பற்றிச் சொல்வது முழு உண்மை.

ஜூன் மாதம் ஒரு மழைக் காலையில்தான் அவர் என்னிடம் முதலில் பேசினார். நான் படகு பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மவுண்ட் ஹேரியட் மலை மழையில் பாதிதான் தெரிந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. அந்த மாதிரிக் காலைகளில் படகு நகர்கிறதா, நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "அந்தப் புள்ள கோட்டத் தப்பாப் போட்டிருக்குங்க" என்றது.

திரும்பிப் பார்த்தேன். நனைந்த சட்டையோடு லஸ்கர் நின்றிருந்தார். தாளில் இருந்த கணக்கு, சாய்வு மூன்றில் ஒன்றாக உள்ள ஒரு கோடு வரைக என்பது. மூன்று அடி நகர்ந்தால் ஒரு அடி ஏற வேண்டும். பையன் ஒரு அடி நகர்ந்து மூன்று அடி ஏற்றியிருந்தான். நான் இன்னும் அந்தக் கணக்குக்கு வந்திருக்கவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணுக்கு ஒண்ணுன்னா லாரி இழுக்காது டீச்சர், மனுசன் நடந்திருவான். இந்தக் கோட்டுல மனுசனும் ஏற மாட்டானே."

சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் கட்டி வைத்திருந்த அரிசிப் பையை அவிழ்த்தார். உள்ளே பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், திறந்தநிலைப் பள்ளியுடையது. ஓரமெல்லாம் உப்புக் காற்றில் ஊறி ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.

அவர் கதையை அன்றே முழுசாகச் சொல்லவில்லை. பதினைந்து நிமிஷப் பயணத்தில் யாரும் முழுக் கதை சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டார். கணக்கு மட்டும் எட்டுத் தடவை எழுதி, எட்டுத் தடவையும் போய்விட்டது. ஒன்பதாவது தடவை அக்டோபரில். அதுதான் கடைசி. அதிலும் போனால் பதிவு காலாவதியாகிவிடும், தேறின பாடங்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அந்த வருஷம் அவரைப் போன்ற தினக்கூலி ஆட்களிலிருந்து நிரந்தர லஸ்கர்களை எடுக்கப் பட்டியல் போடுகிறார்கள். பத்தாவது சான்றிதழ் இல்லாதவர் பெயர் அதில் ஏறாது. அடுத்த பட்டியல் எப்போதோ வரும்போது அவருக்கு வயது தாண்டியிருக்கும்.

"அமிர்தவல்லி சொல்லுச்சு, எட்டுத் தடவ உழுந்தவருக்கு ஒம்பதாவது தடவ தரை பழகியிருக்கும்னு" என்று சிரித்தார். அமிர்தவல்லி அவர் மனைவி. கேலி செய்துவிட்டுப் பரீட்சைக் கட்டணம் கட்டுகிற ஜாதி.

அப்படித்தான் எங்கள் வகுப்பு ஆரம்பித்தது. காலையில் பதினைந்து நிமிஷம், சாயங்காலம் பதினைந்து நிமிஷம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அண்ணே என்றேன், அவர் டீச்சர் என்றார். ராம்ப்பைத் தூக்கியதும் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும். பின்னால் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடு நீண்டுகொண்டே போய் எங்கேயோ கலைந்துவிடும். அந்தச் சத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது எனக்கே சில சமயம் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் கோடு வரையச் சொன்னேன். வரைந்தார். இரண்டு முனையிலும் அம்புக்குறி போடச் சொன்னேன்.

"எதுக்குங்க?"

"கோடு முடியலைன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் போய்க்கிட்டே இருக்கும்."

"நோட்டத் தாண்டியுமா?"

"தாண்டியும்."

"சாத்தம் தாண்டி?"

"மெயின்லேண்டே தாண்டிப் போகும், அண்ணே. அம்பைப் போடுங்க, நேரமாச்சு."

போடவில்லை. பென்சிலைக் கோட்டின் மேல் படுக்க வைத்து, அதன் நுனி காட்டும் திசையில் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாத்தம் வந்துவிட்டது. படகோட்டும் செராங் ஹாரன் அடித்தார். அதற்கப்புறம் அவர் போடும் ஒவ்வொரு அம்புக்குறியையும் பார்க்க வேண்டும், பூத்தொடுக்கிற மாதிரி அத்தனை கவனம்.

அது எனக்கும் தொற்றிக்கொண்டது. சாத்தத்தில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகும்போது தகரக் கூரைகளெல்லாம் கோடுகளாகத் தெரிந்தன. சாய்ந்து விழும் மழையும் கோடு. மேட்டில் மூச்சு வாங்கி ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, எட்டுக்கு ஒன்று இருக்குமா, பத்துக்கு ஒன்றா என்று யோசிப்பேன். பத்து வருஷமாகச் சாய்வு நடத்துகிறேன். ஒரு தடவைகூட என் உடம்பால் அதை உணர்ந்ததில்லை. அவருக்குச் சாய்வு உள்ளங்காலில் இருந்தது. கடல் ஏறியிருக்கும்போது படகும் ஜெட்டியும் ஒரே மட்டமாக இருக்கும், ராம்ப் மேஜை மாதிரி கிடக்கும். வற்றினால் படகு கீழே போய்விடும், ராம்ப் சரிந்துவிடும். அந்தச் சரிவைப் பார்த்த உடனே எந்த லாரியை விடலாம், எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

ஜூலையில், ஒரு புள்ளியும் சாய்வும் தந்தால் கோட்டின் சமன்பாடு எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன்.

"ரெண்டு புள்ளி வேணுமுன்னு சொன்னீங்களே?"

"ரெண்டு புள்ளி இருந்தா அதுலேருந்து சாய்வு கண்டுபிடிக்கலாம். சாய்வு முதல்லயே தெரிஞ்சா ஒரு புள்ளி போதும். கோடு அங்கேருந்து தானா போகும்."

பென்சில் நுனியால் அந்தப் புள்ளியைத் தொட்டு, கோட்டின் மேலேயே இழுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப இன்னொரு புள்ளி தண்ணிக்குள்ள போயிருந்தாலும் பரவாயில்லைங்க" என்றார்.

அன்றைக்குத்தான் கச்சால் பற்றிச் சொன்னார். அவர் அப்பா ஐயாவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, தெற்கே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர். இவர் அங்கேயே பிறந்தார். இரண்டாயிரத்து நாலில் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. "அம்மா போர்ட் பிளேர் போற ஒருத்தர்கிட்ட சொல்லி எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிட்டு வரச் சொல்லிச்சு. புது பாக்ஸுங்க. தெறக்கக்கூட இல்ல, பரீச்சைக்குன்னு வச்சிருந்தேன்." டிசம்பர் இருபத்தாறு காலையில் அவரும் அப்பாவும் மேட்டில் ரப்பர் காட்டில் இருந்தார்கள். அம்மா கீழே கடைக்குப் போயிருந்தார். கடல் வந்தது. அம்மா இல்லை, வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. "தீவே சாஞ்சிருச்சு டீச்சர். நாங்க வெளையாண்ட எடத்துல இப்பயும் தண்ணி நிக்குது."

சமன்பாட்டை எழுதச் சொன்னேன். எழுதினார். சரியாக இருந்தது.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. இடமிருந்து வலமாகப் போகிற கணக்கென்றால் பிழையே இருக்காது. முதல் புள்ளி வலப்பக்கமும் இரண்டாவது புள்ளி இடப்பக்கமும் இருந்தால் போச்சு, விடை தலைகீழாகிவிடும். ஏறுகிற கோட்டை இறங்குகிறது என்பார், இறங்குகிறதை ஏறுகிறது என்பார். ஏனென்று கண்டுபிடிக்க எனக்கே ஒரு வாரம் ஆயிற்று. ஏற்ற இறக்கத்துக்கு பிளஸ், மைனஸ் சரியாகப் போடுவார். நகர்ந்த தூரத்துக்கு மட்டும் எப்போதும் பிளஸ்தான்.

"இடது பக்கம் போனா தூரமும் மைனஸ், அண்ணே."

"நடந்த தூரம் எப்படிங்க மைனஸ் ஆகும்? நடந்தது நடந்ததுதானே?"

"திசை மாறுதுல்ல?"

"எங்க படகு அப்படியும் போகும், இப்படியும் போகும். திரும்பவே திரும்பாது. இதுக்கு ஏது முன்பக்கம், பின்பக்கம்? ரெண்டு பக்கமும் ராம்ப்தான். லாரிக்காரனக் கேளுங்க. ஏறுறவனுக்கு ஏத்தம், எறங்குறவனுக்கு எறக்கம். அதே ராம்ப்தாங்க."

அவர் சொல்வது தப்பில்லை. அதுதான் சங்கடம். பதினாலு வருஷம் உடம்பால் கற்றதை ஒரு புத்தகம் இல்லை என்கிறது, அவர் எப்படி விடுவார்? வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். மண்டையை ஆட்டுவார், மறுநாள் அதே தப்பு.

செப்டம்பர் கடைசியில், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு கணக்கு கொடுத்தேன். (2, 5), (−4, 8) என்ற இரண்டு புள்ளிகள் வழியே போகும் கோடு. ஆறு அலகு இடப்பக்கம் போகிறோம், மூன்று அலகு ஏறுகிறோம். சாய்வு மைனஸ் அரை. அவர் பிளஸ் அரை என்று எழுதி, அதை வைத்து அழகாகச் சமன்பாடும் எழுதி, இரண்டு அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோடு முதல் புள்ளியிலிருந்து கிளம்பி, இரண்டாவது புள்ளியைத் தொடாமல் எங்கோ கீழே போய்க்கொண்டிருந்தது. அன்று எனக்குப் பள்ளியில் நல்ல நாள் இல்லை. அது ஒரு சாக்குதான். வாயில் வந்துவிட்டது.

"எட்டுத் தடவை ஃபெயில் போட்டவங்க சும்மா போடலை, அண்ணே."

அவர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்து, வாயை இரண்டு முடிச்சாகக் கட்டினார். "ஜெட்டி வந்திருச்சு" என்று எழுந்து போனார். படகு நடுத் தண்ணீரில்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஒன்பது நாள் நான் மேல்தட்டில் நின்று பயணம் செய்தேன். கோபம் அவருக்கு இல்லை, கீழே பார்த்தால் தலையசைப்பார். எனக்குத்தான் முகத்தில் முழிக்க வெட்கம். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து, படகு ஏறும்போது வைத்திருப்பேன், இறங்கும்போது அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவருடைய பதினைந்து நிமிஷங்கள் ஒன்பது நாளுக்குப் பதினெட்டு வீணாய்ப் போயின. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், கணக்கு டீச்சர் இல்லையா?

பத்தாம் நாள் காலை அமாவாசைக்கு மறுநாள். கடல் நன்றாக வற்றியிருந்தது. நான் முதலிலேயே ஏறி மேல்தட்டில் நின்றிருந்தேன். கீழே ராம்ப் சரிந்து கிடந்தது. ஜல்லி லாரி ஒன்று வந்தது. சந்திரமோகன் அண்ணன் ஜெட்டியைப் பார்த்தபடி, கைகளைத் தூக்கிக்கொண்டு, சரிவில் பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தார். "ஆவோ, ஆவோ, தீரே." லாரி மெதுவாக அவர் மேல் சாய்கிற மாதிரி இறங்கியது.

பாதி ராம்ப்பில் அவர் நின்றுவிட்டார்.

இரண்டு உள்ளங்கையையும் விரித்து லாரியை நிறுத்தினார். பிரேக் கிறீச்சிட்டது. "க்யா ஹுவா, பாய்?" என்று, என்ன ஆச்சென்று தெரியாமல், டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு லாரியின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் காலைப் பார்த்தார். யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை, லாரி முன்னால் நிற்கும்போது அவர் காலைப் பார்க்கிற ஆளே இல்லை. அப்புறம் கையைத் தூக்கி, "ஆவோ" என்றார். லாரி உள்ளே வந்தது. கட்டை வைத்தார். வைத்த கையோடு இரும்புப் படிகளில் மேல்தட்டுக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், நான் மொகத்தத் திருப்பவே இல்லீங்க!"

"என்ன ஆச்சு அண்ணே? அடிபட்டுதா?"

"மொகம் ஜெட்டிப் பக்கமே இருக்கு. ஆனா நான் பின்னால போறேன். படகுக்கு மொகம் இல்லைங்க, எனக்கு இருக்குல்ல? மொகம் பாக்குற பக்கம் பிளஸ். அப்ப நான் நடந்தது மைனஸ்." மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரின் ஈரத்தில் விரலால் எழுதினார். "பன்னெண்டு அடி பின்னால, மைனஸ் பன்னெண்டு. ரெண்டு அடி எறக்கம், மைனஸ் ரெண்டு. மைனஸும் மைனஸும் போயிருச்சு. ஆறுல ஒண்ணு. முன்னால ஏறிப் போனாலும் பன்னெண்டுக்கு ரெண்டு, ஆறுல ஒண்ணு. அதே ராம்ப்தாங்க டீச்சர். எப்படிப் போனாலும் அது ஏத்தம்தான். நான்தான் பின்னால நடந்திருக்கேன்."

பன்னிரண்டு அடி என்பது ராம்ப்பின் மேல் அளந்த நீளம். கிடைமட்டமாக அளந்தால் கொஞ்சம் குறையும். நான் சொல்லவில்லை. என் வாழ்நாளில் சொல்லாமல் விழுங்கிய ஒரே திருத்தம் அதுதான். மாறாக, ஒன்பது நாளாகச் சுமந்துகொண்டிருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "நான் அன்னிக்குப் பேசினது தப்பு, அண்ணே."

"அது கெடக்குதுங்க" என்றார். "கணக்கு குடுங்க, சாத்தம் வர்றதுக்குள்ள."

(2, 5), (−4, 8) கொடுத்தேன். கைகளைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டில் ஆறு அடி பின்னால் நடந்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மைனஸ் அரை என்றார்.

பரீட்சை எழுதிவிட்டு மறுநாள் படகில் பார்த்தபோது முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"சாய்வு கணக்கு ரெண்டு வந்துச்சுங்க. ஒண்ணுல சந்தேகமாப் போச்சு. எந்திரிச்சு ரெண்டு எட்டு பின்னால நடந்து பாத்தேன். சூப்பர்வைசர் புடிச்சுக்கிட்டாரு. காப்பி அடிக்கப் பாக்குறியான்னு சத்தம். பேரு எழுதிக்கிட்டாரு. பேப்பரத் திருத்துவாங்களா, தெரியலைங்க."

நவம்பர் முழுக்க அந்தக் கவலையோடுதான் போயிற்று. வகுப்பு இல்லை. ஆனாலும் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். இரண்டு பேரும் தண்ணீரில் கலைகிற வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். மழை விட்டு, கடல் கண்ணாடியாகிவிட்டது. அவருடைய பரீட்சை நம்பரை நான் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். அதற்குள் மனப்பாடமும் ஆகிவிட்டது.

டிசம்பரில் ஒரு சாயங்காலம், சாத்தம் ஜெட்டியில் வரிசையில் நிற்கும்போது முடிவு வந்துவிட்டது என்று செய்தி வந்தது. எனக்கு முன்னால் சிமென்ட் லாரி ஒன்று, அதற்கும் முன்னால் ராம்ப். அன்றும் கடல் வற்றியிருந்தது. போனில் நம்பரைப் போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லாரி நகர ஆரம்பித்தது. வட்டம் நின்றது. கணக்கு, முப்பத்தாறு. தேர்ச்சி.

கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். லாரியின் பக்கவாட்டில் அவர் முகம் தெரிந்தது. கைகளைத் தூக்கியபடி, என்னைப் பார்த்த முகமாக, பின்னால் இறங்கிக்கொண்டிருந்தார். என் கையில் போன். அவர் அதைப் பார்த்துவிட்டார். முகத்தை ஒன்றும் இல்லாதது மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தேன். எனக்கு அது வராது. அவருடைய உதடு நின்றுவிட்டது. கால் நிற்கவில்லை. விரல்கள் மடங்கி மடங்கி லாரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. அந்தப் பன்னிரண்டு அடியும் ஒன்றும் சொல்லாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

லாரி நின்றது. ஒரு கட்டை வைத்தார். இன்னொரு கட்டை வைத்தார். இரண்டையும் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகுதான் வந்தார், முன்னால் பார்த்து நடந்து, ராம்ப் ஏறி.

"சொல்லுங்க டீச்சர்."

"பாஸ், அண்ணே."

"எத்தனைங்க?"

"முப்பத்தாறு."

தலையை ஆட்டினார். தெற்கே, துறைமுகத்தின் வாய் திறந்து கடல் தெரிகிற பக்கம் பார்த்தார்.

"முப்பத்தாறுன்னா அம்மா திட்டும் டீச்சர்" என்று சிரித்தார். "புது பாக்ஸு வாங்கிக் குடுத்தேனே, அதுக்கு இதுதானாடான்னு கேக்கும்."

சிரிப்பு முடியவில்லை, அதற்குள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, அந்தச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். அவர் மறுபடி அடிக்கவில்லை.